பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடாக்குபவர்களுக்கு: கூரை ஹாட்ச், ஃபேன், காற்றோட்டம் – முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸை ஏலத்தில் எடுத்து, சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை என்று அமைத்து வீடாக்கிக்கொள்கிறார்கள். 'ஸ்கூலி' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. இந்த வேலையில் இறங்கும் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு ஆசை வரும்: கூரையில் சதுரமாக வெட்டி ஒரு ஃபேனை மாட்டிவிட வேண்டும். மாட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன், காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு வெளியே போகும் என்பதைத் தாளில் வரைந்துவிடுங்கள். அதை வரையாமல் போட்ட ஓட்டைகளைத்தான் பிறகு தகடு வைத்து மூட வேண்டியிருக்கிறது.

ஸ்கூல் பஸ்ஸை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு வகைப் பஸ் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியில் டேப் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூரைக்குள் என்ன இருக்கிறது

ஸ்கூல் பஸ்ஸின் கூரை மூன்று அடுக்கு. வெளியே மெல்லிய இரும்புத் தகடு. அதற்குக் கீழே ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை வளைந்து போகும் இரும்புச் சட்டங்கள். இவற்றை ரிப் என்பார்கள். கடைசியாக உள்பக்கக் கூரைத் தகடு, ரிவெட்டாலோ ஸ்குருவாலோ பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு தகடுகளுக்கும் இடையில் கொஞ்சம் கண்ணாடி நார்ப் பஞ்சு அடைத்திருப்பார்கள். பழைய பஸ்ஸில் அந்தப் பஞ்சு பெரும்பாலும் ஈரம் குடித்து, தூசி ஏறி, எதற்கும் உதவாத நிலையில் இருக்கும்.

ரிப்பை ஒருபோதும் வெட்டக் கூடாது. 1977-லிருந்து அமலில் இருக்கும் எஃப்எம்விஎஸ்எஸ் 220 என்ற அமெரிக்க விதிப்படி, ஸ்கூல் பஸ்ஸின் கூரை வண்டியின் வெற்று எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும்; அப்போது 130 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. வண்டி உருண்டால் உயிரைக் காப்பது அந்த ரிப்கள்தான். ஸ்கூல் பஸ்ஸை வாங்குவதற்கு நல்ல காரணங்களில் அதுவும் ஒன்று. ஒரு ஃபேனுக்காக அதைப் பலவீனமாக்குவதில் அர்த்தமே இல்லை. அதற்கு அவசியமும் வராது. மோட்டார்ஹோம் ஃபேன்களுக்கு அமெரிக்காவில் வழக்கமான திறப்பு அளவு 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். பெரும்பாலான ஸ்கூல் பஸ்களில் இரண்டு ரிப்புக்கு நடுவே இது தாராளமாக அடங்கும்.

இன்னொன்று, ஒயர்கள். பின்பக்கச் சிவப்பு விளக்குகள், கூரை ஓர விளக்குகள், எச்சரிக்கை விளக்குகள், ஸ்பீக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஒயர்கள் கூரைக்குள்தான் போகும். பெரும்பாலும் ஜன்னலுக்கு மேலே ஓரமாகப் போனாலும், நடுவில் எங்கே குறுக்கிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெட்டப் போகும் பகுதியிலாவது உள்தகட்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிட்டு வெட்டுங்கள். என்னைக் கேட்டால் முழுக் கூரைத் தகட்டையும் கழற்றிவிடுவதே நல்லது. துரு எங்கே, பழைய கசிவு எங்கே, பஞ்சு எங்கே நனைந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஹாட்ச் (கூரையில் மூடி போட்ட அவசர வழி) ஒழுகுகிறது என்று நினைத்திருந்தவர்கள், உண்மையில் ஒழுகுவது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டும், ஓர விளக்கின் காய்ந்துபோன கேஸ்கெட்டும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டை)தான் என்று இந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பது சகஜம்.

முதல் படி: காற்றின் பாதையை வரையுங்கள்

உள்ளே ஏழரை அடி அகலம், ஆறேகால் அடி உயரம், முப்பது அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் பஸ்ஸின் கொள்ளளவு சுமார் 1,400 கன அடி. மாக்ஸ்ஃபேன், ஃபென்டாஸ்டிக் போன்ற 14 அங்குல ஃபேன்கள் முழு வேகத்தில் நிமிடத்துக்குத் தோராயமாக 900 கன அடி காற்றைத் தள்ளும். கணக்குப்படி இரண்டு நிமிடத்துக்குள் பஸ்ஸிலுள்ள காற்று முழுவதும் மாறிவிட வேண்டும்.

நடைமுறையில் அப்படி நடக்காது. காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ஃபேனுக்கு இரண்டடி தள்ளி ஒரு ஜன்னல் திறந்திருந்தால், அந்த ஜன்னலில் நுழைந்து நேரே ஃபேன் வழியாக வெளியேறிவிடும். பஸ்ஸின் மறுகோடியில் நீங்கள் வியர்த்து விறுவிறுத்துப் படுத்திருப்பீர்கள். ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். 'பெரிய ஃபேன் வாங்கியும் பயனில்லை' என்ற புலம்பலுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

அதனால் விதி எளிது: காற்று வெளியேறும் ஃபேன் ஒரு கோடியில், திறந்த ஜன்னல் மறுகோடியில், நடுவில் இருக்கும் ஜன்னல்களெல்லாம் மூடியிருக்க வேண்டும். எந்த ஜன்னலைத் திறக்கிறீர்களோ அந்த இடத்தில்தான் காற்று மேலே படும். இரவில் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் மட்டும், பகலில் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஜன்னலில் நுழையும் காற்று நிழல் பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் நல்லது. தார் ரோட்டில் வெயில் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சூட்டைத்தான் இழுத்துக்கொள்வீர்கள்.

சூடான காற்று மேலே ஏறும் என்பதால், உள்ளே வரும் வழி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்கூல் பஸ் ஜன்னல்களில் சிக்கல் இங்கேதான். அவற்றில் மேல்பாதிதான் கீழே இறங்கும். அதாவது திறப்பு மேலே இருக்கும். முடிந்தால் தரையிலோ, சுவரின் அடிப்பகுதியிலோ வலை போட்ட, மூடித் திறக்கக்கூடிய ஒரு சிறிய திறப்பை வையுங்கள். ஃபேன் ஓடாத நேரத்திலும் காற்று கீழிருந்து மேலே தானாகவே ஊர்ந்துகொண்டிருக்கும். இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: சைலன்சர் வாய்க்கும், டீசல் ஹீட்டரின் புகைக் குழாய்க்கும், ஜெனரேட்டருக்கும் அருகே வேண்டவே வேண்டாம்.

எத்தனை ஃபேன்? குட்டை பஸ்ஸுக்கு ஒன்று போதும். 35, 40 அடி பஸ்ஸுக்கு இரண்டு வைத்தால் வசதி; ஒன்று சமையல், குளியல் பக்கம் வெளியே தள்ள, இன்னொன்று படுக்கை பக்கம் உள்ளே இழுக்க. நம் வீட்டுச் சமையலுக்கு அடுப்புப் பக்கத்து ஃபேன் ஆடம்பரம் ஆகாது. மிளகாய் வற்றலைத் தாளித்தால் பஸ்ஸுக்குள் ஒருவரும் உட்கார முடியாது. ஆனால் ஃபேனை அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இறக்கையிலும் வலையிலும் படிந்து, ஆறு மாதத்தில் சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிடும். இரண்டு மூன்று அடி தள்ளி, நடைபாதைக்கு மேலே வைத்தாலே போதுமானது.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருக்கும் ஹாட்சை என்ன செய்வது

உங்கள் பஸ்ஸில் ஒன்றோ இரண்டோ கூரை ஹாட்ச் இருக்க வாய்ப்பு அதிகம். பஸ்களின் அவசர வழிகளைப் பற்றிய எஃப்எம்விஎஸ்எஸ் 217 விதி 1992-ல் திருத்தப்பட்டு, 1994-லிருந்து நடைமுறைக்கு வந்தது. பெரிய பஸ்களுக்கு இருக்கைகளுக்கு ஏற்பக் கூடுதல் அவசர வழிகள் வேண்டும் என்று அது கேட்டது. அதன் பிறகு வந்த வண்டிகளில் கூரை ஹாட்ச் சாதாரணமாகிவிட்டது. அந்த விதிப்படி ஹாட்சின் கீல் முன்பக்கம் இருக்க வேண்டும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும். கீல் முன்னால் இருப்பதால் ஓடும்போது காற்று மூடியைப் பிடுங்கி எறியாது. பல ஹாட்ச்களை இரண்டு அங்குலம் போலத் தூக்கி, காற்றுக்காகத் திறந்து வைக்கவும் முடியும். பின்விளிம்பு மட்டும் உயர்ந்திருந்தால் ஓடும்போது உள்காற்றை உறிஞ்சி எடுக்கும். முன்விளிம்பு உயர்ந்திருந்தால் வெளிக்காற்றை வாரி உள்ளே கொட்டும்.

இந்த ஹாட்சுக்கு மூன்று கதிகள் உண்டு.

முதலாவது, அப்படியே வைத்துக்கொள்வது. மூடி, கேஸ்கெட், கைப்பிடி மூன்றையும் பாருங்கள். வெயிலில் பிளாஸ்டிக் மூடி வெளுத்து, மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் மூடியை மாற்றுங்கள். சீலண்ட் (ஒழுகலை அடைக்கும் பசை) பூசிச் சமாளிப்பது ஒரு மழைக்காலம் தாங்கலாம், அவ்வளவுதான். கேஸ்கெட்டைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும்: விளிம்பில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் இறுக்கம் இல்லை என்று அர்த்தம். சுற்றிலும் இப்படியே பார்த்து வாருங்கள். ஹாட்சின் சட்டம் கூரையோடு சேரும் இடத்தில் பழைய சீலண்ட் உடைந்திருந்தால், அதன் மேலேயே புதியதைப் பூசாதீர்கள். ஸ்குரு அல்லது ரிவெட்டைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கி, அடியைச் சுத்தம் செய்து, புது பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற, ஒட்டும் பட்டை) வைத்துத் திரும்ப உட்கார வைப்பதுதான் நிரந்தரமான வழி.

இரண்டாவது, மூடியை எடுத்துவிட்டு பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் கொண்டு வெளிச்சத் திறப்பாக்குவது. படத்தில் அழகாக இருக்கும். ஜூலை வெயிலில் அதன் கீழே உட்கார்ந்து பார்த்தவர்கள் பிறகு திரை தைத்துப் போடுகிறார்கள்.

மூன்றாவதுதான் பலர் செய்வது, நியாயமானதும்கூட: ஹாட்சைக் கழற்றி, அந்தப் பெரிய திறப்பின் மேல் ஒரு தகட்டைப் பொருத்தி, அதில் 14 அங்குலத் திறப்பு வெட்டி ஃபேனை வைப்பது. ஹாட்ச் திறப்பு ஏறக்குறைய இரண்டடிச் சதுரம் இருக்கும் என்பதால் ஃபேன் தாராளமாக உட்காரும். கூரையில் புது ஓட்டை போடும் வேலையும் மிச்சம். தகடு கூரைத் தகட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். நான்கு பக்கமும் இரண்டு அங்குலமாவது மேலேறி இருக்கட்டும். இரும்புக் கூரைக்கு இரும்புத் தகடே போடுங்கள். அலுமினியம் போட்டால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்பு தொடங்கும். வேறு வழியில்லை என்றால் நடுவில் டேப்பும் பெயின்ட்டும் இருந்து இரண்டையும் பிரிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று: ஹாட்ச் ஓர் அவசர வழி. இரண்டு இருந்தால் ஒன்றை ஃபேனுக்குக் கொடுத்துவிட்டு, படுக்கைக்கு அருகில் இருப்பதை ஹாட்சாகவே விட்டுவிடுங்கள். பின்கதவை அலமாரியால் அடைத்துவிட்டு, ஹாட்சையும் மூடிவிட்டு, முன்கதவு ஒன்றே வழி என்று வாழும் பஸ்களைப் பார்த்தால் எனக்கு உதறுகிறது. தீ பெரும்பாலும் அடுப்புப் பக்கம் தொடங்கும். அடுப்பு பெரும்பாலும் முன்கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும்.

ஹாட்சைக் கழற்றும்போது அதில் ஒயர் போகிறதா என்று பாருங்கள். அவசர வழிகளில் எச்சரிக்கை பஸ்ஸர் இணைந்திருக்கலாம். பூட்டு வைத்த அவசர வழி இருந்தால், அது பூட்டியிருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்ய வேண்டும் என்பதும் அதே 217 விதிதான். ஒயரை வெட்டிப் போட்ட மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த இடத்தைப் பாருங்கள். எந்த ஒயர் எங்கே போனது என்று வெட்டும் முன்பே லேபிள் ஒட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: புதிதாக வெட்டுவது

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். வானிலையைப் பாருங்கள், வெட்டி, பெயின்ட் காய்ந்து, ஃபேன் உட்காரும் வரை மழை வரக் கூடாது.

கூரையின் நடுக்கோட்டிலேயே இடம் தேர்ந்தெடுங்கள். அங்கே வளைவு குறைவு. தண்ணீரும் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். உள்ளே நின்று, இரண்டு ரிப்புக்கு நடுப்புள்ளியைக் குறித்து, அங்கே கீழிருந்து ஒரு சிறு துளை போடுங்கள். பிறகு மேலே ஏறி, அந்தத் துளையை மையமாக வைத்து அட்டை வார்ப்புருவை வைத்து வரையுங்கள். திறப்பின் அளவுக்கு ஃபேனோடு வரும் தாளை நம்புங்கள். மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, சோலார் பேனல் எங்கே வரப் போகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். பேனலின் விளிம்பில் முட்டிக்கொண்டு பாதி திறக்கும் ஃபேன் மூடிகள் நிறைய உண்டு.

நான்கு மூலைகளிலும் வளைவு வரும்படி முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். கூர்மையான மூலையிலிருந்துதான் பின்னாளில் தகடு வெடிக்கும். ஓடும் பஸ்ஸில் கூரை எப்போதும் முறுகிக்கொண்டே இருக்கிறது. பிறகு உலோக பிளேடு போட்ட ஜிக்சா என்ற கை மின்ரம்பத்தால் வெட்டுங்கள். ஜிக்சாவின் அடித்தட்டுக்கு டேப் ஒட்டினால் பெயின்ட் கீறாது. ஆங்கிள் கிரைண்டர் வேகமாக வெட்டும் என்பது உண்மைதான். ஆனால் அதன் தீப்பொறி சுற்றுப் பெயின்ட்டையும் ஜன்னல் கண்ணாடியையும் பொசுக்கிவிடும். உள்ளே பஞ்சோ மரத்தூளோ இருந்தால் ஆபத்து. கடைசிப் பக்கத்தை வெட்டும் முன் துண்டை டேப் போட்டு, உள்ளே ஒருவரைப் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி, கையுறை, காதுக்குப் பாதுகாப்பு எல்லாம் சொல்லாமலே தெரியும்.

வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, துரு தடுக்கும் பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு முறை அடியுங்கள். கூரையில் சிதறிய இரும்புத் துகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை முழுக்க ஓட்டுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு துகளும் முதல் மழையிலேயே ஒரு துருப்புள்ளியாக மாறும்.

கூரைத் தகடு மெல்லியது. ஸ்குரு அதில் மட்டும் பிடித்தால் நிற்காது. திறப்பைச் சுற்றி அடியில் மரச் சட்டமோ இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டமோ வைத்து, அதை இரு பக்க ரிப்களோடு இணையுங்கள். ஃபேனுக்கு மரமே போதும், குளிர் கடத்தாது. பின்னாளில் அதே 14 அங்குலத் திறப்பில் கூரை ஏசி வைக்க நினைத்தால் இப்போதே இரும்புச் சட்டம் வையுங்கள். அந்த ஏசிகள் 35-லிருந்து 45 கிலோ வரை இருக்கும். அந்த எடை ரிப்பில் இறங்க வேண்டும், தகட்டில் இறங்கக் கூடாது.

நான்காம் படி: வளைவைச் சமாளித்து ஒழுகாமல் அடைப்பது

ஒழுகும் ஃபேன்களில் பெரும்பாலானவற்றில் குற்றம் சீலண்ட் மேல் இல்லை. தட்டையான விளிம்பை வளைந்த கூரையில் வைத்து, ஸ்குருவால் வலுக்கட்டாயமாக இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக் விளிம்பு வளைந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும். வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஒருநாள் ஏதோ ஒரு மூலையில் பிரிந்துவிடும்.

எனவே விளிம்பு உட்காரும் இடத்தில் குறுக்கே ஒரு நேரான கட்டையை வைத்து, இரண்டு ஓரத்திலும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் என்றால் ஓரங்களில் பியூட்டைல் டேப்பை இரண்டடுக்காக வைத்தே சரிக்கட்டிவிடலாம். அதற்கு மேல் இருந்தால், அடிப்பக்கம் கூரையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கி, மேல்பக்கம் தட்டையாக இருக்கும்படி ஒரு சட்டம் செய்யுங்கள். வெளிப்புற வேலைக்கான பிவிசி பலகை இதற்கு நல்ல பொருள். அழுகாது, சீலண்டும் ஒட்டும். சமையல் வெட்டுப்பலகை செய்யும் பாலிஎத்திலீனைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதுவும் அழுகாதுதான், ஆனால் அதில் எந்த சீலண்டும் சரியாக ஒட்டாது.

அடுத்து எதை எங்கே பூசுவது. ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப். அது காய்ந்து இறுகாது. அசைவோடு சேர்ந்து அசையும். தேவைப்பட்டால் பின்னாளில் கழற்றவும் விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்குருக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேப் சுற்றிலும் சமமாகப் பிதுங்கி வர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பின் மேலும் ஸ்குருத் தலைகளின் மேலும் மோட்டார்ஹோம் கூரைக்கான சீலண்டைப் போடுங்கள். டைகோர் போன்ற கம்பெனிகள் இதைத் தானாகப் பரவும் வகை, பரவாத வகை என இரண்டாக விற்கின்றன. தட்டையான மோட்டார்ஹோம் கூரைக்குப் பரவும் வகை அருமை. வளைந்த பஸ் கூரையில் அது வழிந்து ஜன்னல் வரை கோடு போட்டுவிடும். சரிவான பக்கங்களுக்குப் பரவாத வகையைப் போடுங்கள். பாலியூரித்தேன் வகை சீலண்டும் நன்றாகவே நிற்கும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண சிலிகான் வேண்டாம். வினிகர் வாடை வருகிற சிலிகானில் காயும்போது அசெட்டிக் அமிலம் வெளியாகும். அது இரும்பை அரிக்கும். இன்னொரு தொல்லை, ஒருமுறை சிலிகான் பூசிய இடத்தில் பிறகு வேறு எந்த சீலண்டும் பெயின்ட்டும் பிடிக்காது. அதேபோல் படகுகளுக்கான, பிய்க்கவே முடியாத நிரந்தரப் பசைகளையும் தவிர்த்துவிடுங்கள். ஃபேன் மோட்டார் சில வருடத்தில் போகலாம். அன்றைக்குக் கூரையோடு சேர்த்துப் பிய்க்க வேண்டிவரும்.

சோதனைக்குப் பிரஷர் வாஷர் எடுக்காதீர்கள். சாதாரணத் தோட்டக் குழாய் போதும். முதலில் ஃபேனுக்குக் கீழ்ச்சரிவில் சிறிது நேரம், பிறகு விளிம்பில், பிறகு மேலே என்று கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். இப்படி வரிசையாகப் போனால்தான் தண்ணீர் எந்த இடத்தில் நுழைகிறது என்று பிடிபடும். உள்கூரையை மூடுவதற்கு முன் இதைச் செய்வது ரொம்ப முக்கியம்.

எல்லாம் முடிந்து, கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதில் அந்தப் பூச்சு செய்யும் வேலை, இன்னொரு ஃபேன் வாங்கினாலும் கிடைக்காது.

ஐந்தாம் படி: மின் இணைப்பு

ஃபேனை வீட்டு உபயோகத்துக்கென்று தனியாக வைக்கும் 12 வோல்ட் பேட்டரியோடு இணையுங்கள், வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியோடு வேண்டாம். முழு வேகத்தில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும்; குறைந்த வேகத்தில் ஒரு ஆம்பியருக்கும் கீழே. இரவு முழுக்க, பத்து மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 30 ஆம்பியர்-ஹவர் போய்விடும். மெதுவாக ஓடவிட்டால் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. தூங்கும்போது மெதுவான வேகமே சத்தத்துக்கும் நல்லது. நீளமான பஸ்ஸில் ஒயரும் நீளம் என்பதால், 14 ஏடபிள்யூஜி (ஒயர் தடிமனுக்கான அமெரிக்க அளவு) ஒயர் போட்டால் வோல்டேஜ் இறக்கம் தொல்லை தராது. ஃப்யூஸ் அளவு ஃபேன் தாளில் இருக்கும், அதையே போடுங்கள். ரிப்பின் துளை வழியே ஒயர் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் வையுங்கள்.

மழையிலும் திறந்து வைக்கும்படி மூடி அமைந்த ஃபேன் வாங்குவது கூடுதல் காசுக்குத் தகும். வெளியே போயிருக்கும்போது மழை வந்தால் ஓடிவர வேண்டியதில்லை.

குளிர்காலம்: கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்

வெயில் நாளுக்காக ஃபேன் வைப்பவர்கள், குளிர்நாளில்தான் அதன் அருமையை உணர்வார்கள். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினாலே மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டருக்குக் குறையாத தண்ணீர் காற்றில் கலக்கும். புரொப்பேன் அடுப்பு இன்னும் மோசம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். புகைக் குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரைப் பஸ்ஸுக்குள் எரிப்பது, சூட்டோடு சேர்த்து ஒரு வாளித் தண்ணீரையும் உள்ளே கொட்டுவதற்குச் சமம்.

அந்த ஈரம் எங்கே போகும்? 20 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராக மாறும். வெளியே பனி பெய்யும் நாளில் ரிப்பும் ஸ்குருத் தலையும் ஹாட்சின் உலோகச் சட்டமும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். காலையில் ஹாட்சிலிருந்து சொட்டினால் ஒழுகல் என்று முடிவுகட்டாதீர்கள். மழையே இல்லாத நாளிலும் சொட்டினால் அது உங்கள் மூச்சுக் காற்றுதான்.

தீர்வு, ஃபேனைக் குறைந்த வேகத்தில் வெளியே தள்ளும்படி ஓடவிட்டு, எதிர்க்கோடி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பது. கொஞ்சம் சூடு போகும், போகட்டும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் வேகத்தைக் கூட்டுங்கள். ரிப்களின் அடிப்பக்கத்தில் மரமோ நுரைப் பலகையோ வைத்து, உள்ளறையின் காற்று இரும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்சுக்கும் பயன்படாத ஃபேனுக்கும் நுரை அடைத்த மெத்தைத் துண்டு வைக்கலாம், அவசரத்துக்கு ஒரே இழுப்பில் வந்துவிடும்படி.

வெயில்காலத்தில் எதிர்பார்ப்பையும் சரியாக வையுங்கள். ஃபேன் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே உள்ள அளவுக்குத்தான் இறக்கும். அரிசோனாவில் வெளியே 42 டிகிரி என்றால் உள்ளேயும் அதற்குக் குறையாது. அங்கே நிழல், ஏசி, அல்லது மலைப்பக்கம் போவது என மூன்றே வழிகள். இரவில் வெளியே குளிர்ந்ததும் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, சுவரிலும் மெத்தையிலும் தேங்கிய சூட்டை வெளியேற்றிவிட்டு, விடிந்ததும் எல்லாவற்றையும் மூடுவது நன்றாக வேலை செய்யும்.

மண் ரோட்டில் போகும்போது ஒரு சின்ன உத்தி: ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டு, முன்பக்கத்து ஃபேனை உள்ளே இழுக்கும்படி ஓட்டுங்கள். வண்டியின் புழுதி பின்னால்தான் எழும்பும். உள்ளே அழுத்தம் கூடியிருப்பதால் பின்கதவு இடுக்கு வழியே அது நுழையாது. உங்கள் ஃபேனை ஓட்டத்தில் திறந்து வைக்கலாம் என்று அதன் தாள் சொன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

புகையும் கேஸும்

எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு ஃபேனை வெளியே தள்ளும்படி ஓட்டினால், அது எங்கிருந்தாவது காற்றை இழுத்தே தீரும். உள்ளே விறகு அடுப்பு எரிந்தால், அதன் புகைக் குழாய் வழியாகவே இழுக்கும். புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் இறங்கிவிடும். முதலில் ஜன்னல், பிறகுதான் ஃபேன் என்று கைக்குப் பழக்கிவிடுங்கள். எரியும் காற்றை வெளியிலிருந்தே எடுத்து வெளியிலேயே விடும் டீசல் ஹீட்டரில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் அதன் புகை வாயும், பக்கத்து வண்டியின் ஜெனரேட்டரும் உங்கள் திறந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது.

புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். கூரை ஃபேன் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே உதவாது. சிலிண்டரை வெளிப்பக்கப் பெட்டியில், அடியில் காற்றுத் துளை வைத்து வையுங்கள். கேஸ் அலாரம் தரையை ஒட்டி, கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் இடத்துக்கு அருகில். கேஸ் வாடை வந்தால் ஃபேன் ஸ்விட்சைத் தொடாமல், சிலிண்டரை வெளியே மூடிவிட்டு, கதவுகளைக் கையால் திறந்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

பராமரிப்பு

வருடத்தில் இரண்டு முறை, மழைக்கும் பனிக்கும் முன்னால், கூரைக்கு ஏறி சீலண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அடைத்த வலை ஃபேனின் பலத்தில் நிறையத் தின்றுவிடும். ஹாட்ச் கேஸ்கெட்டுக்கு ரப்பருக்கான பராமரிப்புத் திரவம் தடவுங்கள், பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். ஹாட்சை மாதம் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடுங்கள். வீட்டில் இருக்கும் சிறுவர்களும் வயதானவர்களும் உள்பட எல்லோரும் ஒரு தடவை தங்கள் கையாலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும். யாருக்காவது எட்டவில்லை என்றால் கட்டிலின் ஓரத்தில் ஒரு படியை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள்.